பனியாற்றின் சாதகம்

கிரோவிக்கில் தமிழர் குடியேறிய கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கடல் சூடானது; மீன் வடக்கே போனது. மீன் போனதும் மீன் வெட்டும் தொழிற்சாலை வடக்கே போனது. தொழிற்சாலை போன இடத்துக்கு, அதில் கத்தி பிடித்து நின்ற நாற்பது தமிழ்க் குடும்பங்களும் போயின. நோர்வேயின் வடகரையிலிருந்தும் கப்பலில் இரண்டு நாள் தள்ளிக் கிடந்த தீவு அது. மரம் இல்லை. மாரி காலத்தில் சூரியன்கூட இல்லை. ஆனாலும் வந்து இரண்டு வருடத்துக்குள் ஒரு பிள்ளையார் கோயில் எழும்பிவிட்டது. மூன்றாம் வருடம் கோயில் நிர்வாகசபை இரண்டாக உடைந்தது. அதன் பிறகுதான் சனத்துக்கு அது சொந்த ஊர் போல இருந்தது.

உடைந்ததில் ஒரு பாதிக்குத் தலைவர் இராசநாயகம். ஊரின் ஒரே பலசரக்குக் கடை அவருடையது. மறு பாதிக்குத் தலைவர் குகதாசன், தொழிற்சாலை மேற்பார்வையாளர். கோயில் மணியை எந்தப் பக்கம் தூக்குவது என்பதில் தொடங்கிய பகை அது. மணி எப்போதோ தூக்கியாகிவிட்டது. பேச்சுவார்த்தை மட்டும் திரும்பவில்லை.

நாற்பது குடும்பத்தையும் இந்தக் குளிருக்குக் கூட்டிவந்தவர் குகதாசன்தான். "மீன் இனி இதுக்கு மேல வடக்கால போக ஏலாது. அங்கால உலகமே முடிஞ்சுது. இதுதான் எங்கட கடைசி இடம், நான் பொறுப்பு" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அந்தச் சொல்லை நம்பித்தான் சனம் கப்பல் ஏறியது. அவருடைய மனைவி சுகிர்தா மட்டும் முழுதாக நம்பவில்லை. அவளுக்கு இது ஐந்தாவது இடமாற்றம். ஒரு மரப்பெட்டியை அவிழ்க்காமலே அறை மூலையில் வைத்திருந்தாள். "கிடக்கட்டும். திரும்பக் கட்டுற வேலை மிச்சம்" என்பாள். அந்தப் பெட்டியை ஒரு நாள் அவளே அவிழ்க்க வேண்டும் என்பதுதான் குகதாசனின் ஆசை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணி மாதக் கப்பலில் ஆரணி வந்து இறங்கினாள். குகதாசனின் தங்கச்சி மகள். வடதுருவப் பனி ஆணையத்தில் வேலை. வந்த பிள்ளை தாய் தகப்பன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மாமா வீட்டுக் குசினிக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, வெள்ளையனுக்குச் சாதகம் சரியில்லை" என்றாள்.

வெள்ளையன் என்பது ஊருக்கு நேரெதிரே, விரிகுடாவின் அக்கரையில் கடலுக்குள் இறங்கி நிற்கும் பனியாறு. சாதகம் என்றால், அது ஊர்ச் சனம் கொடுத்த பெயர். பனியாறுகளின் ஆயுளைக் கணிக்க ஆணையத்திடம் ஒரு கணினி நிரல் இருந்தது. அதன் நோர்வேஜியப் பெயர் வாயில் நுழையாததால் கிரோவிக் சனம் அதைச் 'சாத்திரி' என்றே கூப்பிட்டது. சாத்திரி பனியாறுகளை நாலு வகுப்பாகப் பிரிக்கும். முதலாம் வகுப்பு அசையாது. நாலாம் வகுப்பு விழப்போகிறது.

"நல்லாத்தானே நிக்குது?" என்றார் குகதாசன். "மற்றப் பனியெல்லாம் உருகி ஓடிப்போச்சு, எங்கடது கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கு."

"ஏன் இருக்கு எண்டு கேளுங்கோ. சூடு எல்லாப் பனிக்கும் ஒண்டுதான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரிச் சாகாது. அது அதின்ர வடிவத்தில கிடக்கு. வெள்ளையன் ரெண்டு மலைக்கு நடுவில ஒடுங்கின தொண்டையில நிக்கிறான். காலடியில, கடலுக்குள்ள, ஒரு பாறை வரம்பு இருக்கு. வாசற்படி மாதிரி. ஒரு ஆள் படியில காலை வைச்சு, ரெண்டு பக்க நிலையிலையும் கையை ஊண்டிக்கொண்டு நிண்டால் லேசில தள்ள ஏலுமே?"

"ஏலாது."

"அந்தப் படிக்குப் பின்னால கிணறு மாமா. உள்ளுக்குப் போகப் போக ஆழம். கால் ஒருக்கா படியை விட்டிட்டுது எண்டால் பிடிக்க ஒண்டும் இல்லை. பனி மிதக்கும், உடையும், இன்னும் பின்னால போகும். பின்னால இன்னும் ஆழம். பேந்து நாலைஞ்சு வருஷத்தில ஆளே இல்லை. இப்ப அந்தப் படி உயரம் காணாமல் பதிவாக் கிடக்கிறதால வெளிக்கடல் சூட்டுத் தண்ணி மேலால ஏறி உள்ள வந்து காலை அரிக்குது."

"சரி, அரிக்கட்டும். எங்களுக்கென்ன?"

"மலையளவு பனி ஒரேயடியா விழுந்தால் அலை வரும். எதிர்க்கரையில நாங்கள். நாலாம் வகுப்பெண்டு வந்தால் ஊரைக் கிளப்புவினம். வாற வைகாசியில அளவெடுப்பு."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த சுகிர்தா கேத்தலைக் கீழே வைத்தாள். அறை மூலையிலிருந்த பெட்டியை ஒருக்கால் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஏதாவது ஏசியிருந்தால் குகதாசன் தாங்கியிருப்பார். நாற்பது வீட்டுக் கதவையும் தட்டி 'கடைசி இடம்' என்று சொன்னது அவர் வாய்தான்.

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிள்ளை, உன்ர மாமிக்கு எட்டில செவ்வாய். தெரியுமே?" என்றார்.

"இஞ்சருங்கோ, இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?" என்றாள் சுகிர்தா.

"இல்லை, சொல்லுறன். சம்பந்தம் பேசேக்கை எங்கட அம்மான் இவவின்ர பிறந்த நேரத்தை அரை மணித்தியாலம் தள்ளிப்போட்டார். செவ்வாயும் மரியாதையா ஒரு வீடு தள்ளிப் போட்டுது. முப்பது வருஷமாச்சு. என்ன குறைஞ்சு போனம்?" குகதாசன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "உன்ர சாத்திரி என்னத்தைப் பாத்துச் சொல்லுது?"

"வடிவத்தைத்தான். தொண்டை எவ்வளவு ஒடுக்கம், படி எவ்வளவு உயரம், பின்னால எவ்வளவு ஆழம்."

"அந்த வடிவம் எப்பிடி வந்ததெண்டு கேக்குமோ?"

ஆரணிக்கு விளங்கிவிட்டது. "ஐயோ மாமா, விசர்க்கதை கதையாதேங்கோ" என்று எழுந்தாள். எழுந்தவள் போகவில்லை. அவளுடைய தாயும் தகப்பனும் அடுத்த தெருவில்தான் இருந்தார்கள். தகப்பனுக்கு முழங்கால் ஏலாது. இன்னொரு கப்பல், இன்னொரு ஊர் என்றால் அந்த மனிதர் படுத்துவிடுவார். யன்னலுக்கு வெளியே வெள்ளையனைப் பார்த்தபடி நின்றாள்.

"கேக்காது" என்றாள் கடைசியில். "அதோட, படியை உண்மையா உயர்த்தினால் சூட்டுத் தண்ணி உண்மையாவே மறிபடும். சாதகத்தைப் பொய்யா எழுதினால் ஆள் மாறாது. இது மாறும்."

"பிறகென்ன! கல்லுக்கோ எங்களுக்குப் பஞ்சம்?"

பஞ்சமே இல்லை. தீவில் முன்பு யாரோ நிலக்கரி தோண்டிவிட்டு, கழிவுக் கல்லைக் கரையோரம் மலையாகக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். தொழிற்சாலையில் மீன் கழிவு ஏற்ற, ஆளில்லாமல் தானே ஓடும் இரண்டு பார்ஜ் என்ற தட்டைப் படகுகள் இருந்தன. 'கரையோரத் துப்புரவு' என்று நகரசபையிடம் அனுமதி கேட்டார்கள். நகரசபை அனுமதியோடு ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தது.

ஆனால் இரண்டு கட்சியும் சேராமல் வேலை நடக்காது. ஒரு பார்ஜின் பொறுப்பு குகதாசனின் ஆட்களிடமும் மற்றதன் பொறுப்பு இராசநாயகத்தின் ஆட்களிடமும் இருந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். குகதாசன் ஆரணியைப் பார்த்துப் பேசினார். இராசநாயகமும் ஆரணியைப் பார்த்தே பதில் சொன்னார்.

"சிரமதானம் எண்டால் நாங்கள் பின்நிக்க மாட்டம்" என்றார் இராசநாயகம். "ஆனால் பிள்ளை, கிழக்குப் பாதி அவையளுக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு. அவையின்ர கல்லை எங்கட பக்கம் கொண்டுவரப்படாது எண்டு சொல்லிவிடு."

"அப்பிடியே ஆகட்டும். அவையும் கல்லைக் கல்லாப் போடவேணும், மண்ணை அள்ளிக் கொட்டப்படாது எண்டு நீயும் சொல்லிவிடு" என்றார் குகதாசன்.

ஆரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்டே ஒண்டு சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ. எங்களுக்குத் தேவை மூண்டாம் வகுப்பு. மூண்டாம் வகுப்பெண்டால் ஊரை விட்டுவைப்பினம், வருஷத்துக்கு ஒருக்கா வந்து பாப்பினம், அவ்வளவுதான். நான் சொல்லுற உயரத்துக்கு மேல ஒரு முழமும் வேண்டாம். பாஸ் பண்ணினால் காணும், அது போதும்."

பாஸ் பண்ணினால் காணும் என்ற வசனத்தை அந்தச் சனம் தங்கள் வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்டது. பிள்ளை கணக்கில் தொண்ணூற்றெட்டு எடுத்தால் மிச்சம் இரண்டு எங்கே என்று கேட்கிற ஆட்கள் அவர்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆரணி கப்பலேறிப் போனாள்.

அந்த மாரி முழுக்கச் சிரமதானம் நடந்தது. சனம் வேலை முடிந்து வந்து, தொப்பிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கல் ஏற்றியது. கோயிலிலிருந்து சுடச்சுடக் கஞ்சி வந்தது; அதுவும் இரண்டு அண்டாவில், இரண்டு கட்சிக்கும் தனித்தனியாக. பார்ஜ்கள் தொண்டைக்குப் போய்க் கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பின. மாசி பிறக்க முதலே கிழக்குப் பாதி சொன்ன உயரத்துக்கு வந்துவிட்டது. குகதாசனுக்குப் பரம திருப்தி. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மேற்குப் பாதியை அந்தாள் ஒழுங்காகச் செய்திருக்குமா? கடையில் அரிசி நிறுக்கிற கை ஆயிற்றே. அந்தப் பக்கம் பதிந்து கிடந்தால் தண்ணி அதால ஏறும்; பிறகு தன் பாதி உயர்ந்து என்ன பிரயோசனம்? நாற்பது குடும்பத்துக்கும் வாக்குக் கொடுத்தது இராசநாயகமா, அவரா?

"சும்மா ஒரு பத்துப் பன்னிரண்டு தரம், ஒரு பாதுகாப்புக்கு" என்று பார்ஜை மேற்குப் பக்கம் திருப்பிவிட்டார். பத்து, பங்குனி வரைக்கும் போயிற்று.

மேற்குப் பாதியை எப்போதோ முடித்துவிட்ட இராசநாயகம் அதே கிழமைகளில் தன் பார்ஜைக் கிழக்குப் பக்கம் திருப்பியிருந்தார். தொழிற்சாலைக்காரர் இயந்திரத்தை நம்பிப் படுத்துவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். இரண்டு பார்ஜும் ஆளில்லாமல் ஒன்றையொன்று கடந்து போயின. அவை மட்டும் பேசக்கூடியவையாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வைகாசியில் ஆணையத்தின் நீர்மூழ்கி இயந்திரம் வந்து கடலடியை அளந்தது. ஆனியில் முடிவு வந்தது. வெள்ளையன், முதலாம் வகுப்பு.

ஊர் துள்ளிக் குதித்தது. கோயிலில் பொங்கல் பொங்கினார்கள், ஒரே பானையில். குகதாசனும் இராசநாயகமும் கைகொடுக்கவில்லை என்றாலும் ஒருவர் நின்ற இடத்தில் மற்றவரும் நின்றார். வீட்டுக்கு வந்தபோது சுகிர்தா அறை மூலையில் நிலத்தில் இருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த குத்துவிளக்கு, ஒரு தேங்காய் துருவி, இரண்டு பட்டுச் சேலை. விளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே, "எங்க வைக்கிறது இதை?" என்று கேட்டாள்.

குகதாசனுக்கு அழுகை வந்தது. வாசலில் நின்றபடியே நன்றாக அழுதார்.

அடுத்த மாதம் ஆணையத்தின் பெரிய அதிகாரி சோல்வெய் அம்மையார் வந்தார். நரைத்த முடி, நல்ல சிரிப்பு, கைநிறையப் பூங்கொத்து. ஆரணியும் மொழிபெயர்க்கக் கூடவே வந்திருந்தாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. மண்டபத்தில் எல்லோருக்கும் வடையும் கோப்பியும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"உங்கள் பனியாறு ஒரு அதிசயம்" என்று தொடங்கினார் சோல்வெய். "போன அளவெடுப்பில் வடதுருவம் முழுவதும் ஒரு பனியாறுகூட முதலாம் வகுப்பு எடுக்கவில்லை. இந்தத் தடவை பதினொன்று எடுத்திருக்கின்றன. இயற்கை தன்னைத் தானே காப்பாற்றத் தொடங்கிவிட்டது. இனி நாம் குறுக்கே நிற்கக்கூடாது. முதலாம் வகுப்புப் பனியாறுகளை மனித குலத்தின் சொத்தாக அறிவித்து இந்தச் சித்திரையில் சட்டம் வந்திருக்கிறது. அவற்றின் அருகே மனிதக் குடியிருப்பு இருக்காது. உங்களுக்கு அடுத்த விரிகுடாவில் புதிய வீடுகள் கட்டித் தருகிறோம்."

ஆரணி இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது யாரோ ஒருவரின் கையிலிருந்து கோப்பிக் கோப்பை விழுந்தது.

"அடுத்த விரிகுடாவோ? அங்க பனியாறு நாலாம் வகுப்பெல்லோ?" என்றார் இராசநாயகம்.

"அது முழுதாக விழுந்து முடிந்துவிட்டது" என்றார் சோல்வெய் இரக்கத்தோடு. "பனியே இல்லாததால் அலை வராது. பாதுகாக்க எதுவும் இல்லாததால் சட்டமும் வராது. கப்பல் வர நல்ல ஆழம். அங்கே நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்."

குகதாசன் எழுந்தார். சுகிர்தா எங்கே இருக்கிறாள் என்று பார்க்கத் துணிவில்லை.

"மேடம், அது இயற்கை இல்லை. அந்தப் படியை நாங்கள்தான் கட்டினம். எங்கட கரையில கிடந்த கல்லு எவ்வளவு குறைஞ்சு போச்செண்டு பாருங்கோ. நாங்கள் கொட்டினது."

சோல்வெய் சிரிக்கவில்லை. குறிப்பும் எடுக்கவில்லை. எத்தனையோ தடவை சொன்னதைத் திரும்பச் சொல்பவர் போலப் பேசினார். "நீங்கள் சொல்வது பொய் என்றால், ஊரை விட்டுப் போக விரும்பாதவரின் பேச்சு என்று எடுத்துக்கொள்கிறேன். உண்மை என்றால், கடலடியைப் பழையபடி ஆக்க வேண்டும் என்பது சட்டம். கல்லை அள்ளிவிடுவார்கள். பனியாறு நாலாம் வகுப்பாகும். ஊரும் கிளம்ப வேண்டும். கொட்டியவர்கள் சிறைக்குப் போவார்கள். எதை எழுதட்டும்?"

மண்டபம் குகதாசனைப் பார்த்தது. அவர் உட்கார்ந்தார்.

"நன்றி" என்றார் சோல்வெய். "இது நான் போன பதினோராவது ஊர். எல்லா ஊரிலும் ஒருவர் எழுந்து இதையேதான் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்."

ஆரணி அந்தக் கடைசி வசனங்களை மொழிபெயர்க்கவில்லை. பிறகு கோயில் பின்கதவில் வைத்து மாமாவுக்குச் சொன்னாள். "பதினொண்டிலையும் சனம் இருக்கு மாமா. சனமில்லாத இடத்தில நிண்ட பனி ஒண்டுகூட முதலாம் வகுப்பு எடுக்கேல்ல. உங்களுக்கு விளங்குதே? இயற்கையா ஒண்டுமே தப்பேல்ல. போக மாட்டம் எண்டு அடம்பிடிச்ச சனம் மறிச்சு வைச்ச பனி மட்டும்தான் மிச்சம்."

"அந்த மனிசிக்கு விளங்கேல்லையோ?"

"விளங்காமலே 'எதை எழுதட்டும்' எண்டு கேட்டவ?" ஆரணி மூக்கை உறிஞ்சினாள். "இன்னொண்டு மாமா. அது கழிவுக் கல்லு. நீரோட்டம் அள்ளிக்கொண்டு போகும். வருஷா வருஷம் போடாட்டில் பத்து வருஷத்தில படியும் இல்லை, பனியும் இல்லை."

குகதாசன் நிமிர்ந்தார். "போடாமல் விட்டால், இடையில ஒரு நாள் மூண்டாம் வகுப்புக்கு வருமெல்லோ?"

"வரும். வந்தால் பாதுகாப்புச் சட்டம் போயிடும். சனம் திரும்பி வரலாம். ஆனால் அதுக்குக் கீழ போக விடப்படாது. ஆரும் இஞ்ச நிண்டு, அளவோட பாத்துப் பாத்துப் போடவேணும்."

ஆணையத்துக்கும் ஒரு காவல்காரர் தேவைப்பட்டார், பனியாற்றை மனிதர் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள. கரடி திரியும் இடத்தில் தனி ஆளை விடக்கூடாது என்பது விதி. ஆகவே இரண்டு பேர். குடும்பம் கூடாது. ஒருவர் குகதாசன் என்று முடிவானதும் மற்றக் கட்சி கொதித்தது. 'அந்தாளைத் தனிய விட்டால் முழுப் பேரையும் தானே எடுத்துப்போடும்' என்று இராசநாயகத்தை அனுப்பிவைத்தார்கள்.

கப்பல் புறப்பட்ட நாளில் சுகிர்தா குத்துவிளக்கைச் சேலையில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தாள். மரப்பெட்டியை எடுக்கவில்லை. "அது கிடக்கட்டும். திரும்பி வாறதெண்டு சொல்லுறியள்தானே" என்றாள். "ரெண்டு பேரும் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருங்கோ. அது காணும்."

"சும்மாதான் இருப்பம். நான் பொறுப்பு" என்றார் குகதாசன்.

இரண்டு மனிதரும் ஒரு பனியாறுமாக ஊர் மூன்று வருடம் கிடந்தது. பேச வேறு ஆளில்லாததால் பேசப் பழகினார்கள். சமையல் ஒரு நாள் அவர், ஒரு நாள் இவர். இரண்டு பேருமாகக் கணக்குப் பார்த்து, முதல் இரண்டு வருடமும் ஒரு கல்லும் போடுவதில்லை, மூன்றாம் வருடம் கொஞ்சம் என்று முடிவெடுத்தார்கள். கையெழுத்துக்கூடப் போட்டார்கள்.

முதல் வருடம் குகதாசன் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார். இரண்டாம் வருடம் மேற்குப் பாதி கொஞ்சம் சரிந்து கிடப்பதாகக் கருவி காட்டியது. இராசநாயகத்திடம் சொன்னால் சண்டை வரும். தவறிப்போய் நாலாம் வகுப்புக்கு இறங்கிவிட்டால் சுகிர்தாவுக்கு யார் பதில் சொல்வது? இராசநாயகம் மத்தியானம் நித்திரை கொள்ளும் நேரமாகப் பார்த்து கரையில் விட்டுப்போயிருந்த பார்ஜில் ஒரு சுமை கல்லை அனுப்பினார். ஒன்றே ஒன்று. பிறகு இன்னொன்று. தான் சமைக்கிற நாட்களில் இராசநாயகம் ஏன் கரைப்பக்கம் உலாத்தப் போகிறார் என்று அவர் யோசிக்கவேயில்லை.

மூன்றாம் வருட அளவெடுப்பு முடிவை ஆரணி தொலைபேசியில் வாசித்தாள். முதலாம் வகுப்பு. முந்தியதைவிட உறுதி. அடுத்த அளவெடுப்பு இனிப் பத்து வருடம் கழித்துத்தான், அவ்வளவு உறுதியாம்.

குகதாசன் இராசநாயகத்தைப் பார்த்தார். இராசநாயகம் அடுப்பைப் பார்த்தார்.

"நீர் போட்டனீரோ?" என்றார் குகதாசன்.

"உம்மட பக்கம் பதிஞ்சு கிடந்தது. சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்றார் இராசநாயகம். "நீர்?"

குகதாசன் தொலைபேசியைக் காதில் வைத்தார். அங்கே தொலைபேசி ஆரணியிடமிருந்து கை மாறியிருந்தது. மறுமுனையில் சுகிர்தா இருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"சுகிர்தா..."

"சாப்பிட்டீங்களோ?" என்றாள்.

"ஓம்."

"அடுத்த கப்பலில அந்த மரப்பெட்டியை அனுப்பிவிடுங்கோ."

"அது வெறும் பெட்டியெல்லோ. என்னத்துக்கு?"

"இராசநாயகத்தின்ர மனிசி இஞ்ச வீடு வீடாப் போய், இதுதான் எங்கட கடைசி இடம் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறா" என்றாள் சுகிர்தா. "எனக்குப் பயமாக் கிடக்கு. விளக்கைக் கட்டி வைக்கவேணும்."